ஓப்பன் என்ரோல்மென்ட் தவறிவிட்டது, முடியாது என்கிறது எச்ஆர்: இனி என்ன வழி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிற ஒருவர், 2025 நவம்பரில் இரண்டு வாரம் நடந்த ஓப்பன் என்ரோல்மென்ட்டை (அலுவலக மருத்துவக் காப்பீட்டில் சேர ஆண்டுக்கு ஒருமுறை தரப்படும் காலம்) வேலைப் பளுவில் தவறவிட்டுவிட்டார். 2026 ஜனவரி முதல் வாரம் மருந்துக் கடையில் "உங்கள் கார்டு செல்லவில்லை" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. எச்ஆரிடம் கேட்டால், அடுத்த நவம்பர் வரை எதுவும் செய்ய இயலாது என்று இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே வேறு வழி இல்லையா?

நிறுவனங்களின் ஊழியர் காப்பீட்டுத் திட்டங்களை நிர்வகிக்கும் பக்கத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எச்ஆர் மனது வைத்தால் திறக்கக்கூடிய கதவு இது அல்ல, ஆகவே கெஞ்சுவதிலோ கோபப்படுவதிலோ பயன் இல்லை. ஆனால் சட்டமே திறந்து வைத்திருக்கும் வேறு சில கதவுகள் உண்டு. அவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நாள் கணக்கில் மூடிக்கொள்பவை. அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் உங்களுக்கு இப்போது முக்கியம்.

முதலில், நீங்கள் உண்மையிலேயே காப்பீடு இல்லாமல் இருக்கிறீர்களா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பல நிறுவனங்களில், ஊழியர் எதையும் தேர்வு செய்யாவிட்டால் சென்ற ஆண்டின் தேர்வு அப்படியே தொடரும். வேறு சில நிறுவனங்களில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தேர்வு செய்தே ஆக வேண்டும். முதல் வகையாக இருந்தால், கார்டு செல்லாததற்குக் காரணம் நிறுவனம் காப்பீட்டாளரையோ மருந்துப் பிரிவை நிர்வகிப்பவரையோ மாற்றியதாகவும், புதிய எண்ணுடன் வந்த கார்டு உங்கள் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இதை அறிய எச்ஆரின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரியின் முதல் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டு) எடுத்து, வரிக்கு முந்தைய பிடித்தங்களின் வரிசையில் மெடிக்கல் என்ற தலைப்பில் ஒரு தொகை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொகை பிடிக்கப்பட்டிருந்து, காப்பீட்டாளரின் பதிவில் உங்கள் பெயர் இல்லை என்றால், அது உங்கள் தவறே அல்ல. நிறுவனத்தின் கோப்புக்கும் காப்பீட்டாளரின் கோப்புக்கும் இடையே நேர்ந்த பிழை. அதை முன்தேதியிட்டுச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. அந்த ஒரு பே ஸ்டப்பைக் காட்டிய உடனேயே ஒரு வார வாக்குவாதம் முடிவுக்கு வந்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

பிடித்தமே இல்லை என்றால், எச்ஆருடன் வாதத்தைத் தொடங்குவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். தனிநபர்கள் நேரடியாகக் காப்பீடு வாங்கும் அரசின் மார்க்கெட்பிளேஸில், அதாவது ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில், 2026ஆம் ஆண்டுக்கான சேர்க்கை 2025 நவம்பர் 1 முதல் 2026 ஜனவரி 15 வரை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்று சொந்தத் தளம் நடத்தும் சில மாநிலங்களில் ஜனவரி 31 வரை. நீங்கள் எழுதியிருப்பது ஜனவரி முதல் வாரம் என்பதால் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. 15ஆம் தேதிக்குள் சேர்ந்தால் பிப்ரவரி 1 முதல் காப்பீடு தொடங்கும். எச்ஆருடனான கடிதப் போக்குவரத்தில் அந்தத் தேதியையும் தாண்டவிட்டவர்கள் பலர். அலுவலகத்தில் சேரும் காலத்தைத் தவறவிட்டது மார்க்கெட்பிளேஸில் தனிச் சேர்க்கைக்கான (வழக்கமான காலத்துக்கு வெளியே சேர்வதற்கான) காரணமாக ஏற்கப்படாது என்பதால், அதன் பிறகு அந்த வழியும் அடைபட்டுவிடும். பின்னர் அலுவலகத் திட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டால், மார்க்கெட்பிளேஸில் எடுத்ததை ரத்து செய்துகொள்ளலாம்.

இதில் ஒரு கசப்பான அம்சம் உண்டு. மார்க்கெட்பிளேஸில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமான வரிச் சலுகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். நிறுவனம் தன் திட்டத்தை உங்களுக்கு அளித்திருந்து, அதில் உங்கள் ஒருவருக்கு மட்டும் ஆகும் மிகக் குறைந்த பிரீமியம் உங்கள் குடும்ப வருமானத்தில் 9.96 சதவீதத்துக்குள் இருந்தால் (இது 2026ஆம் ஆண்டுக்கான வரம்பு), அந்தத் திட்டம் கட்டுப்படியாகக்கூடியது என்று சட்டம் கருதும். நீங்கள் அதில் சேர்ந்தீர்களா, தவறவிட்டீர்களா என்பது பொருட்டல்ல. சேர்ந்திருக்க முடியும் என்பதே போதும். விண்ணப்பத்தில் வேலையிடத்துக் காப்பீடு பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று போட்டுச் சலுகையைப் பெற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2026 வரி ஆண்டிலிருந்து, தகுதியின்றி முன்கூட்டியே பெற்ற சலுகைத் தொகையை உச்சவரம்பு எதுவுமின்றி முழுவதுமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். மனைவி, குழந்தைகள் விஷயத்தில் கணக்கு வேறு: 2023 முதல் அவர்களுக்கான சோதனை, குடும்பம் முழுவதையும் சேர்க்க ஆகும் பிரீமியத்தை வைத்துத் தனியாகச் செய்யப்படுகிறது, எனவே உங்களுக்குச் சலுகை இல்லாதபோதும் அவர்களுக்குக் கிடைக்கக்கூடும்.

இனி, எச்ஆர் ஏன் மறுக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் எந்தக் காரணத்தை முன்வைத்தால் செல்லும் என்பது அதிலிருந்துதான் தெரியும். அந்தக் கதவில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. முதலாவது வரிப் பூட்டு. உங்கள் பிரீமியம் சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடிக்கப்படுவது, வருமான வரிச் சட்டத்தின் 125ஆம் பிரிவு தரும் சலுகை. அந்தச் சலுகைக்கான நிபந்தனை, ஆண்டு தொடங்குவதற்கு முன் செய்த தேர்வை, விதிகள் பட்டியலிடும் நிகழ்வுகள் தவிர, ஆண்டின் நடுவில் மாற்றக் கூடாது என்பது. உங்கள் ஒருவருக்காக அதை மீறினால் திட்டத்தின் வரித் தகுதியே கேள்விக்குள்ளாகும். அப்போது எல்லா ஊழியர்களும் பாதிக்கப்படுவார்கள். இரண்டாவது காப்பீட்டாளரின் பூட்டு. 2014க்கு முன்பு, தாமதமாகச் சேருபவரின் முன்பே இருந்த நோய்களுக்கு 18 மாதம் வரை பணம் தர மறுக்கும் உரிமை குழுத் திட்டங்களுக்கு இருந்தது. ஒபாமா காலத்துச் சட்டம் அதை அடியோடு நீக்கிவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் அதன் பிறகு, உடல்நலம் கெட்ட பின் மட்டும் வந்து சேருவதைத் தடுக்க அவர்களிடம் மிச்சமிருக்கும் ஒரே கருவி இந்தச் சேர்க்கைக் காலம்தான். "வரிக்குப் பிந்தைய பணத்தில் கட்டுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பார்கள். அது முதல் பூட்டை மட்டுமே திறக்கும். காப்பீட்டாளர் எழுத்துமூலம் சம்மதித்தால் ஒழிய இரண்டாவது திறக்காது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பூட்டுகளையும் ஒரே நேரத்தில் திறக்கும் சாவி 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தில் இருக்கிறது. தனிச் சேர்க்கை உரிமை என்று அதற்குப் பெயர். எச்ஆர் இதை லைஃப் ஈவென்ட் என்று சொல்லும். திருமணம், குழந்தை பிறப்பு, தத்தெடுப்பு, வேறு காப்பீட்டை இழப்பது ஆகிய நிகழ்வுகள் நடந்தால், அன்றிலிருந்து குறைந்தது 30 நாள் நீங்கள் சேர உரிமை உண்டு. குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் அல்லது குழந்தைகளுக்கான சிப் திட்டத்தின் தகுதியை இழந்தால் 60 நாள். இவை நிறுவனத்தின் கருணை அல்ல, உங்கள் உரிமை. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: குழந்தை பிறந்தால் குழந்தையை மட்டுமல்ல, அதுவரை சேராமலே இருந்த ஊழியரும் தம்மையும் மனைவியையும் சேர்த்துக்கொள்ளலாம், காப்பீடும் பிறந்த தேதியிலிருந்தே முன்தேதியிட்டுச் செல்லுபடியாகும். நவம்பரைக் கோட்டைவிட்டவருக்கு மார்ச்சில் குழந்தை பிறந்தால், பிரசவச் செலவே கூட அந்தக் காப்பீட்டுக்குள் வந்துவிட வாய்ப்புண்டு. ஆனால் குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருக்கும் பெற்றோர்கள்தான் இந்த 30 நாளை அதிகம் இழக்கிறார்கள். எண்ணைப் பிறகு தரலாம். வேண்டுகோள்தான் கெடுவுக்குள் போயிருக்க வேண்டும்.

வேறு காப்பீட்டை இழப்பது என்பதற்கும் எல்லை உண்டு. மனைவியோ கணவரோ வேலை இழந்தது, விவாகரத்து, 26 வயது நிறைந்து பெற்றோரின் திட்டத்திலிருந்து வெளியேறியது, கோப்ராவின் (வேலையை விட்ட பிறகும் பழைய நிறுவனத்தின் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் வழி) காலம் முழுவதும் முடிந்தது ஆகியவை ஏற்கப்படும். நீங்களாகவே ரத்து செய்ததும், பிரீமியம் கட்டாமல் போனதால் ரத்தானதும் ஏற்கப்படாது. மேலும், சேர்க்கைக் காலத்தின்போது நீங்கள் அந்த வேறு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அப்போதும் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டு இப்போது இழப்பு என்று சொல்ல இயலாது.

திருமணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இதுதான். ஊருக்குப் போய்த் திருமணம் முடித்துத் திரும்பும் ஒருவர், மனைவிக்கு எச்-4 விசா கிடைத்து அவர் வந்து இறங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. நான் கையாண்ட ஒரு விஷயத்தில், ஆகஸ்டில் திருமணம், டிசம்பரில் மனைவி வருகை. விமான நிலையத்திலிருந்து வந்த மறுநாளே அந்த இளைஞர் போர்ட்டலில் விண்ணப்பித்தார். நிகழ்வின் தேதி என்ற கட்டத்தில் திருமணச் சான்றிதழில் உள்ள தேதியை உள்ளிட்டதும், கெடு முடிந்தது என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. கெடு எண்ணப்படுவது முகூர்த்த நாளிலிருந்து, வந்து இறங்கிய நாளிலிருந்து அல்ல. அமெரிக்காவுக்குள் வந்து சேர்வதையும் ஒரு நிகழ்வாக ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அது அந்தந்தத் திட்டத்தின் ஆவணத்தைப் பொறுத்தது. அவருடைய நிறுவனத்தின் ஆவணத்தில் அந்த வரி இருந்தது, பிழைத்தார். இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: சட்டப்படியான குடியேற்றத் தகுதியுடன் புதிதாக வருகிறவர்களுக்கு மார்க்கெட்பிளேஸில் 60 நாள் தனிச் சேர்க்கை உண்டு. பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸை மனைவிக்கும் எடுத்துவிட்டு இருந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முன்பே இருந்த நோய், கர்ப்பம் என்று அதில் விலக்குகள் அதிகம்.

உங்கள் விஷயத்தில் இத்தகைய நிகழ்வு எதுவும் இல்லை என்றால், நடந்தது மறதியா, பிழையா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு தேர்வில் தெளிவான, மறுக்க முடியாத ஆதாரத்துடன் பிழை நேர்ந்திருந்தால் அதைத் திருத்தலாம் என்பது, விதியாக எழுதப்படாவிட்டாலும், இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நடைமுறை. குழந்தையே இல்லாத ஒருவர் குழந்தைப் பராமரிப்புக் கணக்கில் பணம் போடத் தேர்வு செய்திருந்தால் அது பிழை என்பது பார்த்த உடனே தெரியும். சேர்க்கைக்கே வராதவரின் நிலை அவ்வளவு எளிதல்ல. ஆனால் போர்ட்டலுக்குள் போய், திட்டத்தைத் தேர்ந்து, குழந்தைகளின் பிறந்த தேதிகளையெல்லாம் உள்ளிட்டு, கடைசிப் பக்கத்தில் உறுதிசெய்யும் பொத்தானை மட்டும் அழுத்தாமல் விட்டவர்கள் கணிசமானவர்கள். அந்த நடவடிக்கைகள் எல்லாம் நாள், நேரத்துடன் போர்ட்டலின் பதிவில் இருக்கும். அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். "முடிக்கப்படாத தேர்வு" என்று அதில் இருந்தால் உங்கள் வாதத்துக்கு எலும்பும் சதையும் வந்துவிடும்.

நிறுவனத்தின் பக்கத்தில் தவறு இருக்கிறதா என்பதையும் ஆராயுங்கள். அறிவிப்பு உங்களுக்கு வந்ததா, எந்த முகவரிக்கு வந்தது, நீங்கள் அப்போது விடுப்பில் இருந்தீர்களா? குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் கீழ் விடுப்பில் இருப்பவருக்கும், வேலையில் இருப்பவருக்குக் கொடுத்த அதே வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும். அலுவலக மின்னஞ்சலை மட்டுமே நம்பி, அதைத் திறக்க முடியாத விடுப்புக்காரருக்கு வேறு வழியில் சொல்லாமல் விட்டிருந்தால், அது வலுவான காரணம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால், உங்களுக்கென்று தனியான சேர்க்கைக் காலம் உண்டு. பெரும்பாலும் சேர்ந்த நாளிலிருந்து 30 அல்லது 31 நாள், சனி ஞாயிறு உட்பட.

நிறுவனத்துக்கு வெளியே பார்த்தால், மனைவி அல்லது கணவரின் அலுவலகத் திட்டம்தான் பெரும்பாலும் சிறந்த வழி. எல்லா நிறுவனங்களும் ஜனவரியில் ஆண்டைத் தொடங்குவதில்லை. ஜூலை 1 அன்று தொடங்கும் திட்டங்கள் ஏராளம், அவற்றின் சேர்க்கை வசந்த காலத்தில் நடக்கும். அண்மையில்தான் வேலை மாறினீர்கள் என்றால் பழைய நிறுவனத்தின் கோப்ராவை மறக்க வேண்டாம். 20 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனமாக இருந்தால், முடிவெடுக்க 60 நாள், அதன் பின் முதல் பணம் கட்ட 45 நாள், காப்பீடோ இழந்த நாளிலிருந்தே தொடரும். பிரீமியம் முழுவதையும் நிர்வாகச் செலவு 2 சதவீதத்துடன் நீங்களே கட்ட வேண்டும் என்பதால் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனாலும் அந்த 60 நாளுக்குள் பெரிய செலவு ஏதும் வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வருமானம் குறைவாக இருந்தால் மெடிக்கெய்ட், சிப் இரண்டிலும் ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 5 ஆண்டுக் காத்திருப்பு உண்டு. ஆனால் இங்கே பிறந்த குழந்தையின் தகுதிக்குப் பெற்றோரின் விசா தடையல்ல.

குறுகிய காலக் காப்பீடு என்று விற்கப்படுபவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. அவை உடல்நலக் கேள்விகள் கேட்டு மறுக்கலாம், பழைய நோய்களை விலக்கலாம்; எலும்பு முறிவுக்கு உதவலாம், சர்க்கரை நோய்க்கு உதவாது. காப்பீடு இல்லாமல் இருப்பதற்கான கூட்டரசு அபராதம் 2019 முதல் பூஜ்யம்; ஆனால் கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், நியூஜெர்சி, ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் அபராதம் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் மருத்துவரிடம் போக நேர்ந்தால், காப்பீடு இல்லாதவர் என்று முன்கூட்டியே சொல்லி எழுத்துமூல மதிப்பீடு கேளுங்கள். 2022 முதல் அதைத் தருவது கட்டாயம், இறுதி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாக வந்தால் 120 நாளுக்குள் முறையிடலாம். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

எச்ஆருக்கு எழுதும்போது, "ஏதாவது செய்யுங்கள்" என்ற வாசகத்தைத் தவிர்த்து, பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாக எழுதுங்கள். உதாரணமாக: "நான் இன்று, ஜனவரி 6 அன்று, மருத்துவத் திட்டத்தில் சேர எழுத்துமூலம் வேண்டுகிறேன். என் சேர்க்கைப் பக்கத்தின் நவம்பர் மாதப் பதிவைச் சரிபார்க்க வேண்டுகிறேன். தாமதமாகச் சேர்க்கக் காப்பீட்டாளர் சம்மதிப்பாரா என்று அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுகிறேன். திட்டச் சுருக்க விளக்க ஆவணத்தின் பிரதியை அனுப்ப வேண்டுகிறேன்." கடைசியில் கேட்ட ஆவணத்தை, எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டியது நிர்வாகியின் கடமை. ஆண்டின் நடுவே எந்தெந்த நிகழ்வுகளுக்கு மாற்றம் அனுமதிக்கப்படும் என்பது அதில்தான் இருக்கும். சில சமயம் எச்ஆரில் இருப்பவரே அதை முழுவதும் படித்திருக்க மாட்டார். மறுப்பு வந்தால் அதையும் எழுத்தில், காரணத்துடன் கேளுங்கள். தனிச் சேர்க்கை உரிமை மறுக்கப்பட்டதாகத் தோன்றினால், தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவை 1-866-444-3272 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அவர்களுடைய ஆலோசகர்கள் நிறுவனத்துடன் நேரடியாகப் பேசித் தீர்த்த விஷயங்கள் உண்டு.

மருத்துவத்தோடு சேர்ந்து தவறிப்போன மற்றவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவச் செலவுக்கு வரிக்கு முன் பணம் ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கு, மருத்துவத் திட்டம் தானாகத் தொடரும் நிறுவனங்களில்கூட, வழக்கமாக ஆண்டுதோறும் புதிதாகத் தேர்வு செய்தால்தான் உண்டு. எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு அப்படியல்ல, தகுதியான அதிக டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்டும் தொகை) திட்டத்தில் நீங்கள் இருந்தால், மாதப் பிடித்தத்தை ஆண்டின் எந்த மாதத்திலும் தொடங்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். கூடுதல் ஆயுள் காப்பீட்டை முதல் வாய்ப்பில் எடுக்காமல் விட்டவர்களிடம், அடுத்த முறை உடல்நலக் கேள்வித்தாளை நிரப்பித் தரும்படி பெரும்பாலும் கேட்பார்கள். பல், கண் காப்பீடு இரண்டையும் தனியாக வெளியில் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பல் திட்டங்களில் பெரிய சிகிச்சைகளுக்குப் பல மாதக் காத்திருப்பு இருப்பது வழக்கம் என்பதால், ரூட் கனாலை மனதில் வைத்து வாங்குகிறவர்கள் அந்தப் பத்தியை முதலில் படித்துவிடுவது நல்லது.